வெற்றிடத்தில் விளையும் மேற்பூச்சு

கண்ணாடிக் குப்பியொன்றிலே கற்பூரக் கட்டிகளை இட்டு மூடிப் பூசையறையில் வைத்துச் சில கிழமைகளின் பின் எடுத்துப் பார்ப்போர், குப்பியின் மேற்புறத்து உட்சுவரிலே நுண்ணிய வெண்பளிங்குகள் படிந்திருத்தலைக் காண்பர். அவற்றை அங்கே கொண்டுபோய் ஒட்டினார் எவருமிலர். அடியிற் கிடந்த கட்டி உருகித் திரவமாகாமலே ஆவியாயிற்று. ஆவி மேலெழுந்து பரந்தது. குளிர்ந்த சுவரைத் தொட்டவிடத்து மீண்டும் திண்மமாயிற்று. தொடக்கத்திலும் கற்பூரம், முடிவிலும் கற்பூரம். இரசாயன மாற்றம் யாதும் நிகழவில்லை. நிலைமாற்றம் மாத்திரமே நிகழ்ந்தது.

கற்பூரம் தானாகவே செய்யும் இத்தொழிலைப் பொன், வெள்ளி, அலுமினியம் முதலிய உலோகங்களைக் கொண்டு செய்வித்தல் கூடுமாயின், எப்பொருளின் மேலும் எவ்வுலோகத்தையும் மெல்லிய பூச்சாகப் படிவித்தல் கூடும். இன்று அது கூடியுள்ளது. உலோகத்தை ஆவியாக்கி, அவ்வாவியை வெற்றிடத்தினூடே செலுத்தி, வேண்டிய பரப்பிலே படியச்செய்யும் இம்முறைக்குப் பௌதிக ஆவிப்படிவு என்று பெயர். தொழிற்சாலைகளிலே இதனைப் பீ.வீ.டீ. என்னும் மூன்றெழுத்தாற் குறிப்பர். வாயுக்களை ஒன்றோடொன்று தாக்கமுறச் செய்து அத்தாக்கத்தால் விளையும் பொருளைப் படிவிக்கும் இரசாயன ஆவிப்படிவு என்பது வேறொரு முறை. ஈண்டு ஆராயப்படுவது முன்னையதேயாம்.

பழைய முலாம் முறைகள்

ஒரு பொருளின் உடலை ஓர் உலோகத்தாலும் அதன் மேற்பரப்பை வேறோர் உலோகத்தாலும் ஆக்குதல் புதிய எண்ணமன்று. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவோன், பாத்திரத்தைச் சூடாக்கி, உருகிய வெள்ளீயத்தைத் துணியாலே தேய்த்துப் பரப்புவான். பொன் முலாமிடும் பழைய கம்மியன் பொன்னை இரசத்திற் கரைத்துப் பூசி, நெருப்பிற் காட்டி இரசத்தை ஓட்டிவிடுவான். எழும் இரசப் புகையோ அவனுடைய உயிரை மெல்லமெல்ல அரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மின்முலாம் வந்தது. உலோக உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தி, உலோகத்தைப் பொருளின் மேற் படிவிப்பது அது.

இம்முறைகள் யாவும் பயனுடையனவே. எனினும் ஒவ்வொன்றுக்கும் ஓரெல்லை உண்டு. உருகிய உலோகத்தைப் பூசினால் பூச்சுத் தடித்துவிடும். சூடு தாங்காத பொருளின் மேற் பூசவும் இயலாது. மின்முலாமோ மின்னைக் கடத்தும் பரப்பையே வேண்டிநிற்கும். நச்சுக் கரைசல்களையும் பெருக்கும். மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பூச்சை, கண்ணாடியின் மேல், எங்கும் ஒரே சீராக இடுதல் வேண்டும் என்று கேட்டால், ஈயம் பூசுவோனும் மின்முலாமிடுவோனும் கையை விரிப்பர். அப்படிப்பட்ட பூச்சை வேண்டிநின்றோர் யாவர் என்பது பின்னர் விளங்கும்.

பழுதென்று கண்டது கலையானமை

ஆவிப்படிவை முதலிற் கண்டோர் அதனைத் தேடிச் சென்றாரல்லர். 1852 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர், அமுக்கம் குறைந்த வாயுவினூடே மின்னிறக்கம் நிகழ்த்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்வாயின் எதிரே வைத்த மினுக்கிய வெள்ளித் தகட்டிலே ஒரு படிவு தோன்றியதை அவர் குறித்துவைத்தார். 1857 இல் மைக்கேல் பரடே, மெல்லிய பொற்கம்பிகளினூடே வலிய மின்னைப் பாய்ச்சி அவற்றை வெடிக்கச் செய்து, கண்ணாடியிலே படிந்த பொற்படலத்தின் நிறங்களை ஆராய்ந்தார். அவர் நாடியது ஒளியின் இயல்பையேயன்றிப் பூச்சுத் தொழிலையன்று.

மின்விளக்கு வந்தபின் இந்நிகழ்ச்சி பலர் கண்ணிலும் படலாயிற்று. எரியும் இழையிலிருந்து அணுக்கள் ஆவியாகிப் பறந்து குமிழின் உட்புறத்திற் படிய, விளக்கு நாளடைவிற் கறுத்து ஒளிமங்கியது. விளக்குச் செய்வோருக்கு இது பெரிய தொல்லை. தொல்லையைத் தொழிலாக மாற்றலாம் என்று கண்டவர்களுள் முற்பட்டவர் தோமஸ் எடிசன். ஒலிப்பதிவு உருளையின் மெழுகுப் பரப்பு மின்னைக் கடத்தாதாதலின், அதனை நேரே மின்முலாமிட்டு அச்செடுக்க இயலாது. வெற்றிடத்திலே பொன் மின்வாய்களுக்கிடையே மின்னிறக்கத்தை நிகழ்த்தி, எழுந்த பொன்னாவியை அம்மெழுகின் மேற் படிவித்து, அதன்பின்னர் மின்முலாமிட்டு அச்சு வார்த்தனர். 1902 இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட உருளைகள் பொன்னச்சு உருளைகள் என்று பெயர்பெற்றமைக்குக் காரணம் இதுவே. குரலின் நுண்ணிய வரிகளைச் சிதைக்காமல் மூடத்தக்க மென்மை அப்பொற்படலத்துக்கு இருந்தது.

வெற்றிடம் வேண்டுவது ஏன்?

கற்பூரம் காற்று நிறைந்த குப்பியிலேயே ஆவியாகிப் படிகின்றது. உலோகத்துக்கு மாத்திரம் வெற்றிடம் வேண்டுவது ஏன்? இதற்கு இரு காரணங்கள் உள.

முதலாவது, வழித்தடை. சாதாரணக் காற்றிலே ஒரு மூலக்கூறு மற்றொன்றோடு மோதாமற் செல்லக்கூடிய சராசரித் தூரம், மில்லிமீற்றரின் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே. திருவிழாக் கூட்டத்திற் சிக்கியவன் ஓரடி எடுத்துவைக்குமுன் நால்வரோடு முட்டிக்கொள்ளுதல் போல, உலோக அணுவும் புறப்பட்டவிடத்திலேயே மோதிமோதி வலுவிழந்து, தன்னினத்து அணுக்களோடு கூடிக் கரித்தூள் போன்ற துகளாய்விடும். கலத்திலுள்ள காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 76 கோடியில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், அத்தூரம் 50 மீற்றருக்கு மேலாகின்றது. கலத்தின் அகலமோ சில மீற்றர்தான். ஆதலின் அணு புறப்பட்ட இடத்திலிருந்து படியும் இடம்வரை நேர்கோட்டிலே தடையின்றிச் செல்லும்.

இரண்டாவது, தூய்மை. மேற்கூறிய அளவு காற்றை அகற்றிய பின்னும் கலத்தின் ஒவ்வொரு கன சதமமீற்றரிலும் 3000 கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் எஞ்சிநிற்கும். வெற்றிடம் என்பது பெயரளவிலேதான் வெறுமை. அந்நிலையிற்கூட, எஞ்சிய மூலக்கூறுகள் ஒரு பரப்பை ஓரடுக்காக மூடுவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனே போதும். உலோகம் அவற்றினும் விரைந்து படியாவிடின், ஒட்சிசனும் நீராவியும் இடையிடையே புகுந்து பூச்சைக் கெடுத்துவிடும். அலுமினியத்தை மெதுவாகப் படிவித்தால் அது மங்கலாகவும் விரைவாகப் படிவித்தால் துலங்கியும் தோன்றுதற்குக் காரணம் இதுவே.

எனவே ஆவிப்படிவின் வரலாறு ஒருவகையிற் பம்பியின் வரலாறேயாகும். பரடேயின் காலத்து அறிவுக்கு யாதொரு குறைவும் இல்லை; குறைந்திருந்தது வெற்றிடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மனியிற் கேடேயும் அமெரிக்காவில் லாங்மியூரும் ஆக்கிய பரவற் பம்பிகள், பொறிப்பம்பிகளால் எட்டவொண்ணாத வெற்றிடத்தை எட்டின. அவற்றிலே பாயும் இரசவாவி, காற்று மூலக்கூறுகளைத் தன்னோடு இழுத்துச்சென்று வெளியேற்றிற்று. பின்னர் 1928 இல் இங்கிலாந்தின் பேர்ச் என்பார் இரசத்துக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். இதன்பின்னரே பெரிய கலங்களை வெறுமையாக்குதல் எளிதாயிற்று.

வெப்பத்தால் ஆவியாக்கல்

ஆவிப்படிவின் எளிய வகை இது. உருக்காலான கலமொன்றின் மேற்புறத்திலே, பூச்சுப் பெறவேண்டிய கண்ணாடி முகங்கீழாக வைக்கப்படும். அடியிலே தங்குதன் கம்பிச் சுருள்கள் இருக்கும். சுருள்களின்மேல் அலுமினியக் கம்பித் துண்டுகளைக் கொளுவி, கலத்தை மூடிக் காற்றை அகற்றி, சுருள்களினூடே மின்னைச் செலுத்துவர். 660 பாகை செல்சியசில் அலுமினியம் உருகித் தங்குதனை நனைத்துப் பற்றிக்கொள்ளும். வெப்பநிலை 1200 பாகை அளவை அடைந்ததும் அது விரைந்து ஆவியாகும். அணுக்கள் நாற்புறமும் நேர்கோட்டிற் பறந்து, எதிர்ப்பட்ட குளிர்ந்த பரப்பிலே ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே கண்ணாடி ஆடியாகிவிடும்.

படலத்தின் தடிப்பை அறிவது எங்ஙனம்? கலத்தினுள்ளே அதிரும் குவாட்சுப் பளிங்கொன்றையும் வைப்பர். கண்ணாடியிற் படியும் உலோகம் பளிங்கிலும் படியும். பாரம் ஏறஏறப் பளிங்கின் அதிர்வெண் குறையும். அக்குறைவிலிருந்து படலத்தின் நிறையைக் கணிக்கலாம் என்பதை 1959 இல் ஜெர்மனியின் சவர்பிறே நிறுவினார். ஓரணு அடுக்கிற்கும் குறைந்த படிவைக்கூட இத்தராசு காட்டிவிடும்.

தொலைகாட்டியின் ஆடி

இத்தொழிலைப் பெருமுயற்சியோடு வளர்த்தவர்கள் வானவியலார். அதற்கு அவர்களுக்கு இருந்த தேவையை அறிதல் நன்று.

1668 ஆம் ஆண்டிலே நியூற்றன் செய்த தெறிப்புத் தொலைகாட்டியின் ஆடி, செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தாலானது. புதிதாக மினுக்கிய நிலையிலும் அது தன்மேல் விழுந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கையே தெறிக்கச் செய்யும். நியூற்றன் அமைப்பில் இரண்டு ஆடிகள் உண்டாதலின், விண்மீனின் ஒளியிற் பாதிக்கும் குறைவே கண்ணை வந்தடையும். 1789 இல் வில்லியம் ஹேர்ஷல் தம் நாற்பதடித் தொலைகாட்டியை அமைத்தபொழுது இரண்டாம் ஆடியையே நீக்கிவிட்டமை இவ்விழப்புக்கு அஞ்சியேயாம். வெண்கல ஆடி ஈரக்காற்றிலே விரைவில் மங்கும். மங்கியதைத் தேய்த்து மினுக்கினால் ஆடியின் வளைவு கெடும். வளைவைத் திருத்த மீண்டும் பல நாள் உழைப்பு. ஒன்று மினுக்கப்படும் காலத்துக்கென்று மற்றோர் ஆடியையும் செய்துவைத்திருந்தனர்.

1856 அளவிலே, லீபிக் கண்ட இரசாயன முறையைப் பின்பற்றி, ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சிற் பூக்கோவும் கண்ணாடியின் மேல் வெள்ளி படிவித்த ஆடிகளை ஆக்கினர். வளைவைத் தாங்குவது கண்ணாடி. ஒளியைத் தெறிப்பது வெள்ளி. வெள்ளி கறுத்தால் அதனை மாத்திரம் கரைத்து நீக்கிப் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வளைவுக்கு ஊறில்லை. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் வெள்ளிக்கு இரு குறைகள் இருந்தன. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் அது சில மாதங்களிலேயே கறுத்தது. ஊதாக்கடந்த கதிர்களை அது நன்கு தெறிப்பதுமில்லை. வெப்பமிக்க இளம் விண்மீன்கள் வெளியிடும் ஒளியிற் பெரும்பகுதி அக்கதிர்களே.

இக்குறைகளைத் தீர்த்தது அலுமினியம். கண்ணாற் காணும் ஒளியிலே அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவைத் தெறிக்கும். ஊதாக்கடந்த கதிர்களையும் தெறிக்கும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுத் தோல் உண்டாகும். அத்தோல் ஒளியை மறைக்காது. உள்ளிருக்கும் உலோகத்தையும் காக்கும். ஆனால் அலுமினியத்தை வெள்ளியைப்போல நீர்க்கரைசலிலிருந்து கண்ணாடியிற் படிவிக்க இயலாது. வெற்றிட ஆவிப்படிவே வழி.

அவ்வழியை 1930 ஐ அடுத்த ஆண்டுகளிலே கலிபோர்ணியாவிற் செப்பனிட்டவர் ஜோன் ஸ்ட்ரோங் என்னும் பௌதிகவியலார். மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குல ஆடி 1935 இல் அலுமினியப் பூச்சுப் பெற்றது. அவர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் துப்புரவு. விரல் பட்ட இடத்து எஞ்சும் எண்ணெய்ச் சுவடு போதும், பூச்சு உரிந்து வீழ்தற்கு. கண்ணாடியை மேலும்மேலும் கழுவுவதற்குப் பதிலாக, அவர் சுண்ணத்தூளோடு தலைக்கிடும் எண்ணெய்க் களிம்பைச் சேர்த்துக் கண்ணாடியைத் தேய்த்தார். பலவகைப்பட்ட அறியாத அழுக்குகளை அகற்றி, அறிந்ததோர் அழுக்கை எங்கும் சீராக மெல்லியதாக விட்டுவைப்பதே அதன் கருத்து. பின்னர்க் கலத்தினுள் மின்னிறக்கத்தால் அவ்வெண்ணெய்த் தோலை எரித்துப் போக்கினால், கண்ணாடி முற்றத் தூயதாகும். வேடிக்கைபோலத் தோன்றினும் ஆழ்ந்த விஞ்ஞானம் அடங்கிய செயல் இது.

1947 ஆம் ஆண்டின் இறுதியிலே, பலோமார் மலையில் நிறுவப்பட்ட 200 அங்குல ஆடி அலுமினியப் பூச்சுப் பெற்றது. அக்கண்ணாடி 1934 இல் வார்க்கப்பட்டது. பல ஆண்டுகள் அரைத்தும் மினுக்கியும் பெற்ற அதன் இறுதி நிறை ஏறக்குறைய 14 தொன். அதன்மேல் இருக்கும் அலுமினியம் எவ்வளவு? ஆடியின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீற்றர். பூச்சின் தடிப்பு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 400 அணுவடுக்குகள். இரண்டையும் பெருக்கினால் வருவது இரண்டு கன சதமமீற்றர். நிறை ஐந்து கிராமுக்குச் சற்றே மேல். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளைக் கடந்துவந்த ஒளியைத் தெறித்துக் காட்டுவது இந்த ஐந்து கிராம் உலோகமே. பதினான்கு தொன் கண்ணாடியும் அதனை உரிய வடிவில் நிறுத்திவைக்கும் பீடமாகும். தூசியாலும் ஈரத்தாலும் ஒளி குறையக் குறைய, பழைய பூச்சைக் கரைத்து நீக்கிப் புதிய பூச்சிடுவர். பீடமோ பதிற்றாண்டுகளாக மாறாதிருக்கின்றது.

பிற்காலத்து ஆடிகளும் இவ்வழியிலேயே வந்தன. 1990 இல் விண்ணிற் செலுத்திய ஹபிள் தொலைகாட்டியின் அலுமினியத்தின் மேல் 25 நனோமீற்றர் தடிப்பில் மகனீசியம் புளோரைட்டு இட்டனர். ஊதாக்கடந்த கதிர்களை உறிஞ்சும் ஒட்சைட்டுத் தோல் உண்டாகாமற் காத்தலே அதன் நோக்கம். 2021 திசெம்பர் 25 இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி செந்நிறக்கீழ்க் கதிர்களை ஆராய்வது. அக்கதிர்களைத் தெறிப்பதிற் பொன் சிறந்ததாதலின், அதன் 18 ஆடித்துண்டுகளுக்கும் நூறு நனோமீற்றர் தடிப்பிற் பொன் பூசினர். எல்லாவற்றிலும் உள்ள பொன்னைத் திரட்டினால் ஏறக்குறைய 48 கிராம். சவரனிற் கூறினால் ஆறு பவுண் தேறும்.

மோதிப் பெயர்த்தல்

வெப்பத்தால் ஆவியாக்கும் முறை எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்று. தங்குதன் போன்று 3400 பாகைக்கு மேல் உருகும் உலோகங்களை அங்ஙனம் ஆவியாக்குதல் அரிது. கலப்புலோகத்தைச் சூடாக்கினால் எளிதில் ஆவியாகும் உலோகம் முன்னும் மற்றது பின்னுமாகச் சென்று, பூச்சின் சேர்க்கை மாறிவிடும். இவ்விடத்திற் குரோவ் கண்ட பழைய நிகழ்ச்சி துணைசெய்கின்றது. இன்று அதனை ஸ்பட்டரிங் என்பர். மோதற்படிவு எனத் தமிழிற் கூறலாம்.

வெறுமையாக்கிய கலத்திலே ஆகன் வாயுவைச் சிறிதளவு, வளிமண்டல அமுக்கத்தின் இலட்சத்தில் ஒரு பங்களவுக்கு, உட்புகுத்துவர். பூச்சுக்குரிய உலோகத் தகட்டுக்குச் சில நூறு வோற்று எதிர்மின்னழுத்தம் கொடுப்பர். மின்னிறக்கத்தில் ஆகன் அணுக்கள் இலத்திரனை இழந்து நேரயன்களாகி, தகட்டை நோக்கி விரைந்து மோதும். காரம் பலகையிலே அடிகாய் பாய்ந்து, குவிந்திருக்கும் காய்களைச் சிதறச்செய்தல் போல, அயன் மோதிய இடத்திலிருந்து உலோக அணுக்கள் பெயர்ந்து வெளியேறும். அவை எதிரேயுள்ள பொருளிற் படியும். உருகுதல் இங்கே இல்லை. வெப்பத்தால் எழுந்த அணுவிலும் பன்மடங்கு வேகத்தோடு வருதலின், பூச்சு இறுக்கமாகவும் பிடிப்பாகவும் அமையும். தகட்டின் பின்னே காந்தங்களை வைத்து இலத்திரன்களை அங்கேயே சுழலவிடும் மக்னெட்றன் அமைப்பு 1970 களிற் பரவியபின், மெதுவான இம்முறை விரைவுடையதாயிற்று. வெள்ளியின் மறுவாழ்வும் இதனால் வந்ததே: சிலி நாட்டிலுள்ள ஜெமினி தொலைகாட்டியின் 8 மீற்றர் ஆடிக்கு 2004 இல் இம்முறையால் வெள்ளி பூசி, அதன்மேற் காப்புப் படலமும் இட்டனர். அலுமினியத்திடம் தோற்ற வெள்ளி, காவல் பெற்று மீண்டது.

ஆகனோடு நைதரசனையும் சேர்த்தால் மற்றொரு பயன் விளையும். தகட்டிலிருந்து புறப்பட்ட தைத்தேனியம், படியுமிடத்தில் நைதரசனோடு கூடித் தைத்தேனியம் நைத்திரைட்டு ஆகும். அது பொன்போல் மின்னும், ஆயினும் பொன்னன்று. வன்மையாக்கிய உருக்கினும் இருமடங்குக்கு மேல் வன்மையுடையது. இரும்புக் கடைகளிலே பொன்னிறத் துளையூசிகளைக் காண்போர் அதனை அலங்காரம் என்று எண்ணுவர். மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்களவான அப்பூச்சே ஊசியின் முனை தேய்வதைத் தடுத்து அதன் வாழ்நாளை நீட்டுகின்றது. இரசாயன ஆவிப்படிவாலும் இப்பூச்சை ஆக்கலாம். ஆனால் அதற்கு ஆயிரம் பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் உருக்கு ஊசி தன் வன்மையை இழந்துவிடும். பௌதிக முறைக்கு 500 பாகைக்கு உட்பட்ட வெப்பமே போதுமாதலின், 1980 களிலிருந்து அது வெட்டுங்கருவித் தொழிலில் நிலைபெற்றது.

அன்றாட வாழ்விற் பயன்கள்

ஒளிப்படக் கருவியின் வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா கலந்த நீலச்சாயை தோன்றும். அதுவும் ஆவிப்படிவே. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடுகின்றது. பல வில்லைகள் கொண்ட கருவியில் இவ்விழப்புப் பெருகிப் படத்தை மங்கச்செய்யும். ஒளியின் அலைநீளத்தில் காற்பங்கு தடிப்புள்ள மகனீசியம் புளோரைட்டுப் படலத்தை இட்டால், படலத்தின் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். திரும்பும் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவாகக் குறையும். 1935 இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மக்குலாவும், 1936 இல் அமெரிக்காவில் முற்கூறிய ஸ்ட்ரோங்கும் தனித்தனியே இத்தகைய படலங்களை ஆக்கினர். ஒளியைத் தெறிக்கச் செய்யும் கலையே தெறிப்பைத் தடுக்கும் கலையாகவும் ஆயிற்று.

கடையில் வாங்கும் பால்மா, பிசுக்கோத்து முதலியவற்றின் பளபளக்கும் பொதி பெரும்பாலும் அலுமினியத் தாளன்று. ஐம்பது நனோமீற்றருக்கு உட்பட்ட அலுமினியம் படிந்த பிளாத்திக்குப் படலமே. மெல்லிய அலுமினியத் தாளில் உள்ள உலோகத்தில் நூற்றிலொரு பங்கும் இதில் இல்லை. எனினும் ஈரமும் ஒட்சிசனும் உட்புகுதலை இது வெகுவாகத் தடுக்கும். 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டிலும் லேசர் ஒளியைத் தெறிக்கச் செய்வது இங்ஙனம் படிந்த அலுமினியமே. எண்பது ஆண்டுகளுக்குமுன் எடிசனின் உருளைக்குப் பொன் செய்த துணையை, இறுவட்டுக்கு அலுமினியம் வேறு வகையாற் செய்தது.

பெருங்கட்டடங்களின் கண்ணாடிகளிலே பத்து நனோமீற்றர் அளவில் வெள்ளி படிவித்தால், கட்புல ஒளி உட்புகும்; வெப்பக்கதிர் திரும்பிவிடும். கணினியின் சில்லுகளிலே நுண்ணிய மின்வழிகளை அமைத்தற்கும் மோதற்படிவு கையாளப்படுகின்றது. விமான எஞ்சினின் சுழலிதழ்களுக்கு, இலத்திரன் கற்றையால் ஆவியாக்கிய சேர்க்கோனியாவைப் பூசுவர். அப்பூச்சு நெல்லந்தாள் போல நெருங்கி நிற்கும் தூண்களாக வளர்தலின், வெப்பத்தால் இதழ் விரிந்து சுருங்கும்பொழுது பிளந்து வீழ்வதில்லை. இதழின் உலோகத்தைப் பெருவெப்பத்தினின்றும் காத்துநிற்கும்.

எல்லைகளும் கடமையும்

எல்லாம் வல்ல முறை இது என்று கருதலாகாது. அணுக்கள் நேர்கோட்டிற் செல்வனவாதலின், நிழல்பட்ட இடத்திற் பூச்சு விழாது. நீண்ட குழாயின் உட்புறம், ஆழ்ந்த துளை ஆகியவற்றுக்கு மின்முலாமே ஏற்றது. பரப்பிலுள்ள கீறலை மெல்லிய படலம் மறைக்காது. மாறாக அதனை உள்ளவாறே காட்டிக்கொடுக்கும். சேற்றுநிலத்தின் மேலிட்ட சீமெந்துத் தளம் பாரம் ஏறியதும் வெடித்தல்போல, மெல்லியல்புள்ள பொருளின் மேலிட்ட வன்பூச்சும் வெடிக்கும். கலமும் பம்பியும் பெரும்பொருட் செலவை வேண்டுவன.

எனினும் இம்முறையை நாடுதற்கு வலிய காரணமொன்று உண்டு. குரோமிய முலாமிடும் தொட்டிகளில் உள்ள அறுவலுக் குரோமியம், அதன் தூவலைச் சுவாசிப்போருக்கு நுரையீரற் புற்றுநோயை விளைவிப்பது. கழிவுநீரோடு சென்றால் நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பது. 2017 செத்தெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம், தனியனுமதி பெறாது குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தலாகாது என விதித்தது. வெற்றிடக் கலத்திலிருந்து அத்தகைய நச்சுநீர் வெளியேறுவதில்லை. தடித்த முலாம் வேண்டிய எல்லா இடங்களிலும் ஆவிப்படிவு அதற்கு ஈடாகாது. ஆயினும் குழாய்வாய், கைப்பிடி, கருவி முனை முதலிய பலவற்றில் அது முலாமின் இடத்தைப் பெற்றுள்ளது. இரசப்புகையிலே உயிரிழந்த பழைய கம்மியனை நினைவோருக்கு இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும்.

விளக்குக் குமிழின் கறுப்பைத் துடைத்தெறிந்தோர் பலர். அது ஏன் கறுத்தது என்று வினாவினோர் சிலர். அச்சிலருடைய வினாவிலிருந்தே பலோமார் ஆடியின் ஐந்து கிராம் அலுமினியமும், துளையூசியின் பொன்னிறமும், வில்லையின் நீலச்சாயையும் வந்தன. ஆய்வுகூடத்திலே பரிசோதனை பிழைத்துக் குழாயிற் கறை படிந்தால், மாணவன் அதனைக் கழுவுமுன் ஒருமுறை உற்றுநோக்குதல் நன்று.